நாற்பத்து நான்கு கிலோவுக்குள்

டிசம்பர் 20, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எடை இயந்திரத்தைச் சரிபார்த்தேன். பல் துலக்கவில்லை, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை அதன்மேல் அடுக்கினேன். முள் பத்துக்குச் சற்று முன்னால் நின்றது. பக்கவாட்டில் இருக்கும் சிறு சக்கரத்தை நகத்தால் திருப்பிவிட்டு, பைகளை எடுத்து மறுபடி வைத்து, பத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில், கருவியே தொடக்கத்தில் தவறிக் காட்டும் சுழிப்பிழையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். வீட்டில் அதற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைத்ததில்லை.

பிறகு சம்யுக்தாவை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து ஏறி நின்றாள்.

இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். அவள் குனிந்து பார்த்தால் முள் ஆடும். நான் நின்றபடி சாய்வாகப் பார்த்தால் இடமாறு தோற்றப்பிழை வரும். அதனால் அவள் எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள். நான் தரையில் மண்டியிட்டு, முள்ளுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் படித்துச் சொல்வேன். நான் சொல்வதுதான் அவளுக்கு எடை.

"நாப்பத்தேழு நானூறு."

"நேத்து நாப்பத்தேழுதானேம்மா?"

"ராத்திரி தோசை சாப்பிட்டயே."

"ஒரு தோசைம்மா. ஒண்ணே ஒண்ணு."

இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் மாநிலத் தேர்வு நடந்தபோது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே நாற்பத்து மூன்றரைதான் இருந்தாள். பதினேழு வயதுக்கு உட்பட்டோர் ஜூடோவில் நாற்பத்து நான்கு கிலோ பிரிவில் எல்லாப் பெண்களையும் வீழ்த்தி முதலாவதாக வந்தாள். தேசியப் போட்டிக்கு அந்தப் பிரிவிலேயே பெயர் போய்விட்டது. இனி மாற்ற முடியாது. போட்டி ஜனவரியில். நடுவில் இருந்த மாதங்களில் யாரும் ஒரு தவறும் செய்யவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

டிசம்பர் 24, புதன்

அரையாண்டு விடைத்தாள்கள் திருத்தி முடிந்தன. பீரோவை அடுக்கியபோது, தீபாவளிக்கு முன்னால் சம்யுவுக்காக வாங்கிய நாப்கின் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. பள்ளியில் கொடுப்பதையே பயன்படுத்துகிறாள் போலிருக்கிறது. அதுவும் நல்லதுதான்.

டிசம்பர் 28, ஞாயிறு

தனபால் மாஸ்டர் வரச் சொல்லியிருந்தார். சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய நெல் குடோனில்தான் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லித் தருகிறார். தாராபுரத்தில் இந்த விளையாட்டின் பெயரைக் கேள்விப்படாதவர்களே அதிகம். அங்கிருந்து ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளையாவது தேசியப் போட்டிக்குப் போய்விடுகிறது. மாஸ்டருக்கு அதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

சம்யுவைக் கையை முன்னால் நீட்டச் சொன்னார். ஜூடோ உடையின் கை, மணிக்கட்டை மறைக்க வேண்டும். போட்டியில் நடுவர் இப்படித்தான் நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மறைக்காவிட்டால் வேறு உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்வார். ஜூனில் எடுத்த உடை. இப்போது மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது.

"பாருங்க டீச்சர், புள்ள வளத்தி போட்டுட்டா," என்றார் மாஸ்டர். அவர் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. "இது நமக்கு லாபமுங்க. நாப்பத்து நாலுல இத்தன வளத்தி எந்த ஸ்டேட்டுலயும் இருக்காது. காலு எட்டும். தூக்கி ஒரு அடி அடிச்சான்னா அவ்ளோதான், எந்திரிக்க மாட்டாங்க. வெயிட்டு மட்டும் வந்துட்டாப் போதுமுங்க."

"கஷ்டமா இருக்கா கண்ணு?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லீங் மாஸ்டர்."

மாஸ்டரும் இப்போது ஒரு வேளைதான் சாப்பிடுகிறாராம். பிள்ளை பட்டினி கிடக்கும்போது தனக்குச் சோறு இறங்கவில்லை என்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

இன்னொரு செய்தி. மாநில ஜூடோ அணியில் பெண் பிள்ளைகளோடு போக ஒரு பெண் மேலாளர் வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று நவம்பரிலேயே சொல்லியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்திருந்தேன். உத்தரவு வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் சம்யு சொன்னாள்: "அங்க வந்து எனக்கு ஊட்டி கீட்டி உடாத. மானம் போயிரும்."

"ஊட்டறதுக்கு என்ன இருக்கு? வெள்ளரிக்காயா?"

சிரித்தாள். சிரித்து நாளாகிவிட்டது.

பிறகு வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி என் முதுகிடம் சொன்னாள்: "அடுத்த வருசம் வயசு தாண்டிரும்மா. இந்த ஒரு தடவதான்." சென்ற ஆண்டு தேசியப் போட்டியில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தவள், முடியும் தறுவாயில் விழுந்தாள். அதன்பின் ஒரு மாதம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தூக்கத்தில் மட்டும் காலை உதறுவாள்.

ஜனவரி 1, வியாழன்

வாழ்த்துச் சொல்ல அழைத்தவர்கள் எல்லோரும் "வெயிட்டு எவ்வளவு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். நாற்பத்தாறு என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றார்கள்.

ஜனவரி 4, ஞாயிறு

குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கதவைத் திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "வழுக்கிருச்சும்மா," என்றாள். நெற்றியில் ஒரு பக்கம் சிவந்திருந்தது. தரை காய்ந்துதான் இருந்தது. காலையில் நான் தேய்த்துக் கழுவியதில் சோப்பு நின்றிருக்கலாம். மறுபடி நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

சம்யுவின் அப்பா பழனி டிப்போவிலிருந்து அழைத்தார். மதுரை வண்டியில் நடத்துநர். இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது.

"பாப்பா எவ்ளோ?"

"நாப்பத்தஞ்சு எட்நூறு."

"ரெண்டு கிலோக்கூட இல்ல. புடிச்சர்லாம் உடு. டிப்போல எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன். பேனர் வெக்கோணும்னு நிக்கறானுவ. நல்ல படமா ஒண்ணு அனுப்பு."

விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பேருந்து கிளம்பும் விசில் கேட்டது. வைத்துவிட்டார். நீல உடையில், இடுப்பில் கைவைத்து நிற்கும் படத்தை அனுப்பினேன். அதில் முகம் நன்றாக, உருண்டையாக இருக்கிறது. ஆகஸ்டில் எடுத்தது.

சாயங்காலம் தலை வாரிவிட்டேன். சீப்பில் முடி நிறைய வந்தது. பனிக்காலத்தில் எல்லோருக்கும் உதிரும்.

ஜனவரி 7, புதன்

மூட்டை கட்டினேன். கம்பளி, மருந்து, ஊறுகாய், பிள்ளைகளின் அடையாள அட்டைகள். எடை இயந்திரத்தை என் பழைய சின்னாளபட்டிப் புடவையில் சுற்றித் தனிப் பையில் வைத்தேன். "அங்கயே மெசினு இருக்குமுங்க டீச்சர்," என்றார் மாஸ்டர். நம்முடையதுதான் நமக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

ஈரோட்டில் ரயில் ஏறினோம். பெட்டி முழுக்கப் பிள்ளைகள். வாலிபால், கோ கோ, ஓட்டம், ஜூடோ, எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி நீல டிராக் சூட். முதுகில் தமிழ்நாடு என்று எழுதியிருக்கிறது. போட்டி நடக்கும் குவாலியருக்கு நாளை மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும்.

ஜூடோப் பெண்களில் பொள்ளாச்சிக்காரி நஸ்ரின் பானுவுக்கு நேர்மாறான கவலை. அவள் எழுபது கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு. காய்ச்சலில் படுத்து எழுந்ததில் எழுபதுக்குக் கீழே போய்விட்டாள். மெலிந்தவளைச் சேர்க்க மாட்டார்களாம். ஏறியதிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"சம்யு, உன்ற எச்சா வெயிட்ட எங்கிட்டக் குடு. பத்திரமா வெச்சுக்கறேன். போட்டி முடிஞ்சதும் வட்டியோட தாரேன்."

"நீயே வெச்சுக்க. திருப்பிக் கேக்கவே மாட்டேன்."

சிரிக்க வைக்கிறாளே ஒழிய, நஸ்ரின் ஒரு பருக்கையும் சம்யு முன்னால் சாப்பிடவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கதவோரம் போய், முதுகைத் திருப்பி நின்று சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறாள். எடை கூட வேண்டியவள் ஒளிந்து சாப்பிடுகிறாள். குறைய வேண்டியவள் சன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் பதினாறு வயது.

ஜனவரி 9, வெள்ளி

ஓடும் ரயிலில் எடை பார்க்க முடியாது. நாக்பூரில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும் என்று மாஸ்டர் சொன்னதால் அதற்காகக் காத்திருந்தோம். நின்றதும், கழிப்பறைக்கு முன்னால் இருக்கும் இடத்தில் இயந்திரத்தை வைத்தேன். பயணிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பைகள் இல்லை, சக்கரத்தைச் சரிபார்க்கவும் வழியில்லை. முள் பூச்சியத்தில் நின்றது, போதும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தைய நிலையத்தில் ஆரஞ்சு விற்றுக்கொண்டு போனார்கள். நஸ்ரின் வாங்கி உரித்த தோலைச் சம்யு கேட்டு வாங்கி, மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று மாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரோடு இருக்கிறாள். உதட்டில் கோடு கோடாக வெடிப்பு.

ஏறி நின்றாள். காலண்டர் இல்லாததால் கழிப்பறைக் கதவைப் பார்த்து நின்றாள். நான் மண்டியிட்டேன்.

நின்ற ரயிலும் லேசாக அதிரத்தான் செய்கிறது. முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. குனிவதற்கும் இடம் போதவில்லை.

"நாப்பத்து நாலு ஐநூறு," என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

"அம்மா! அரைக் கிலோதாம்மா!" என்னைக் கட்டிக்கொண்டாள். எலும்புகள் குத்தின. "அப்ப நான் ரெண்டு சுளை சாப்புடலாமா?"

நான்கு சுளை கொடுத்தேன். அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே தூங்கிப் போனாள், என் மடியில், ஊரே பார்க்க, மானம் போகும் என்ற நினைப்பு இல்லாமல்.

என் கண் முள்ளுக்கு நேர் மேலே இருந்ததா என்று இப்போது யோசித்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 10, சனி

குவாலியர். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. ஒரு கல்லூரி விடுதியில் பெண் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அறையில் நானும் சம்யுவும் நஸ்ரினும்.

போட்டி அரங்கில், பிள்ளைகள் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதற்காக ஒரு மின்னணு எடை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நாளை மாலை ஐந்து மணிக்கு அதிகாரபூர்வமாகப் பார்க்கப்போவதும் அதே இயந்திரம்தான். பெட்டியை வைத்ததும் சம்யு அங்கே ஓடினாள். சிவப்பு எழுத்தில் நாற்பத்தைந்து நானூறு என்று காட்டியது.

இறங்கி, மறுபடி ஏறினாள். காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினாள். அதே எண்.

"ஒன்ற மெசினு தப்பும்மா," என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரயில்ல ஆடினதுல சக்கரம் நகந்திருக்கும் கண்ணு."

"டீச்சர் மெசினே தப்பாப் போச்சா?" என்று நஸ்ரின் ஆச்சரியப்பட்டாள்.

சம்யு அவளைத்தான் பார்த்தாள். "அந்த ஆரஞ்சு. நாந்தான் ஆசப்பட்டுத் தின்னேன். எனக்கு அறிவு வேண்டாம்?"

அவள் கழற்றிய தோட்டை எடுத்து என் பையில் போட்டேன்.

மாஸ்டர் அவளுக்கு மழைக்கோட்டைப் போட்டு, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் டிராக் சூட் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அவரும் கூடவே ஓடினார். ஐம்பதை நெருங்குகிறவர். பனிக்குள் இரண்டு உருவங்கள் மறைவதும் தெரிவதுமாக இருந்தன. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, ஊறும் எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே ஓடினாள். எச்சிலும் எடைதான். எனக்கு அருகே வந்தபோது பாட்டிலைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் நுரை மட்டும் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். தரையில் செய்தித்தாள் விரித்து, நஸ்ரின் கையில் கத்தரிக்கோலோடு அழுதுகொண்டிருந்தாள். சம்யுவின் பின்னல் தாளின்மேல் கிடந்தது. நுனியில் நான் காலையில் கட்டிய கறுப்பு ரப்பர் பேண்டும் இருந்தது.

"நான் மாட்டேன்னுதானுங்க டீச்சர் சொன்னேன். இவதான் சத்தியம் வாங்கிட்டா."

"நூறு கிராமாச்சும் இருக்குமாம்மா?" என்று சம்யு கேட்டாள்.

இருக்கும் என்றேன்.

பின்னலைத் தாளில் சுற்றி என் பையில் வைத்தேன். இயந்திரத்தைச் சுற்றிய புடவையை இன்னும் பிரிக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று மதியத்திலிருந்து அவள் எதையும் விழுங்கவில்லை. காலையில் மறுபடி மழைக்கோட்டு. பிறகு எங்கள் எல்லோருடைய கம்பளிகளையும் சுற்றிக்கொண்டு கிடந்தாள். மூன்று மணிக்கு அரங்கத்து இயந்திரத்தில் நாற்பத்து நான்கு நூறு காட்டியது. நூறு கிராம்தான். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

பெண் பிள்ளைகளை எடை பார்க்கும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. மாஸ்டர் வெளியே நிற்க வேண்டும். மேலாளராகிய நான்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், அடையாள அட்டையைக் காட்டி, ஒவ்வொருத்தியாக ஏற்ற வேண்டும். அட்டை இல்லாமல் யாரும் ஏற முடியாது. பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லா அட்டைகளையும் நானே வைத்திருக்கிறேன்.

நான்கரைக்கு வரிசையில் நின்றோம். சம்யு சுவரில் சாய்ந்திருந்தாள். அப்போது ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ அறிவித்தார்கள். பக்கத்து வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்று அலறி, மலையாளத்தில் சொன்னதும் புரிந்தது. மூடுபனியால் ரயில்கள் நிற்கின்றன. கிழக்கு மாநிலங்களின் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. எல்லோருக்கும் பொதுவாக எடை பார்ப்பது நாளைக் காலை ஏழு மணிக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. ஆட்டமும் நாளையே.

யாரையும் குறை சொல்ல முடியாது. பனியில் நிற்கும் ரயிலுக்குள்ளும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

மாஸ்டர் ஓடி வந்தார். "ஒரு ராத்திரிதானுங்களே டீச்சர். தூக்கத்துலயே எரநூறு முந்நூறு கிராம் போயிருமுங்க. இதுவும் வலிய வந்த நல்லதுதானுங்க. காலையில ஏறி எறங்குனதும் குளுக்கோஸ், எளநி, எல்லாம் நான் ரெடி பண்ணிப்போடறேன். பாப்பா, உன்னால முடியும். நானும் பச்சத்தண்ணி தொடலடா கண்ணு, உன்ற கூடவே இருக்கேன்."

அவர் உதடும் வெடித்திருந்தது. ஆனால் அவர் வளர்கிறவர் இல்லை.

"முடியுமுங் மாஸ்டர்," என்றாள்.

அறைக்குத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கட்டிலில் உட்கார்ந்து டிராக் சூட்டின் ஜிப்பைப் பிடிக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன, விரியவில்லை. நான் பிடித்து ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். புறங்கைத் தோல் என் விரல்களுக்கிடையில் மடிந்தது, மடிந்தபடியே நின்றது. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, முகம் கோணியது, சத்தம் வந்தது. கன்னம் காய்ந்தே இருந்தது. அவளே கண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணுத் தண்ணி வரலம்மா," என்றாள். "அழுதாலாச்சும் கொஞ்சம் கொறையும்னு பாத்தேன்."

சிரித்தாள். உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

இப்போது ஆறு மணி. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நஸ்ரின் கிளம்பும்போது கதவருகே நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டீச்சர், அவ நெஞ்சு அடிக்கறது போர்வைக்கு மேலயே தெரியுதுங்க." நான் தலையாட்டினேன். போகாமல் நின்றாள். "நான் எங்கம்மா கூட இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் போனாள்.

போய்ப் பார்த்தேன். தெரிகிறது.

தெரிந்தவை இன்னும் இருக்கின்றன. குளியலறைத் தரையில் சோப்பு நிற்கவில்லை. பீரோவில் இருக்கும் பாக்கெட்டுகளைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்பதால் கேட்கவில்லை. நாக்பூரில் முள் ஆடவில்லை. நாற்பத்தைந்து நூறில் நன்றாக நின்றது. என் கண் அதற்கு நேர் மேலேதான் இருந்தது. நான் குறைத்துச் சொன்னேன். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று இரண்டு நாளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் "போதும், வேண்டாம்" என்று சொல்லியும் குடிக்க வைத்திருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் போட்டி போயிருக்கும். தண்ணீரும் குடிக்க வேண்டும், பதக்கமும் வர வேண்டும் என்று நினைத்தது நான். அதற்கான எடையைத்தான் நேற்று அவள் பனியில் ஓடிக் கழித்தாள். அதற்காகத்தான் முடி போயிற்று. ஆரஞ்சு தின்றதற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

மறுபடியும் அதையே செய்யலாம் என்று சற்றுமுன் தோன்றியது. புடவையைப் பிரித்து இயந்திரத்தைத் தரையில் வைத்தும்விட்டேன். சக்கரத்தைத் திருப்பக்கூட வேண்டாம். அவளை ஏற்றி நிறுத்தி, "நாப்பத்து மூணு எழுநூறு, கீழ போயிருச்சு, ரெண்டு டம்ளர் குடிச்சுட்டுத் தூங்கு" என்று சொன்னால் போதும். இன்று அவளுக்கு இருக்கும் மயக்கத்தில் நம்பிவிடுவாள். காலையில் அரங்கத்து இயந்திரம் நாற்பத்து நான்கு ஐநூறு காட்டும். பெயரை அடித்துவிடுவார்கள். மாஸ்டர் என் இயந்திரத்தைத் திட்டுவார். அவள் அப்பா ரயில்வேயைத் திட்டுவார். சம்யு இனி உள்ள காலமெல்லாம், அந்த இரண்டு டம்ளரைக் குடித்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வாள். என்னை மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இயந்திரத்தை மறுபடி புடவையில் சுற்றிக் கட்டிவிட்டேன்.

அவளுடைய அட்டை என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை மற்றப் பிள்ளைகளின் அட்டைகளை எடுத்துக்கொண்டு போவேன். அவளுடையதைக் கொடுக்க மாட்டேன். நாற்பத்து நான்கு கிலோவில் தமிழ்நாட்டுக்கு ஆள் இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவார், அவர் கெஞ்சினால் நான் இளகிவிடுவேன். வீட்டுக்கு அழைக்கவில்லை. இந்நேரம் பழனியில் பேனர் கட்டியிருப்பார்கள். சம்யுவிடமும் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் சொல்வதற்குக் காலைவரை காத்திருக்க முடியாது. நஸ்ரின் திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் காய்ச்சி ஆற்றி வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகை உப்பு, சர்க்கரை. முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கரண்டி. ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. அது தங்கவில்லை என்றாலும், நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை என்றாலும் போட்டிக்காக விடுதி வாசலில் நிறுத்தியிருக்கும் ஆம்புலன்சில் ஏற்றிவிடுவேன்.

என்னைப் பிடித்துத் தள்ளுவாள். பலம் இருந்தால் அடிப்பாள். டம்ளரைத் தட்டிவிடுவாள் என்று இரண்டாவது டம்ளரும் கலந்து வைத்திருக்கிறேன். இனிமேல் என்னோடு பேசாமல்கூட இருக்கலாம். கோபித்துக்கொள்ள, தன்னை விட்டு, உண்மையிலேயே தப்புச் செய்த ஒரு ஆள் அவளுக்கு இருக்கட்டும்.

எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்கக் கூடாது. அவள் முன்னால் மண்டியிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இப்படி ஆரம்பிக்கப் போகிறேன்: "மெசினு சரியாத்தான் இருந்துச்சு கண்ணு. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

விழித்துக்கொண்டாள் போலிருக்கிறது. கட்டில் அசைகிறது.